பிரெஞ்சம்மாவின் சொந்தச் சுருதி

அந்தப் பிளாஸ்திரித் துண்டு என் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. காயத்துக்குக் கட்டுப் போட மருந்துக்கடையில் வாங்குவோமே, அந்தத் துணிப் பிளாஸ்திரி. ஒட்டிய நாளில் வெள்ளையாக இருந்தது, இப்போது பழைய டீத்துணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. துபாயில் அல் கூஸ் பகுதியில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், பழைய இசைத்தட்டுகளைச் சுழற்றும் மெஷினின் வலது ஓரத்தில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடிக்குப் பக்கத்தில் அது ஒட்டியிருந்தது. அதில் நீலப் பேனாவால் இழுத்த ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு எதிரே தமிழில் ‘இங்கே’ என்று எழுதியிருக்கும். வருகிறவர்கள் அது என்ன மொழி, என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். மொழியைச் சொல்லிவிடுவேன். அர்த்தம் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் பெரும்பாலும் சிரித்துச் சமாளித்துவிடுவேன். இன்றைக்கு எனக்கு அந்த ஒரு மணி நேரம் இருக்கிறது.

அதை எழுதியவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். திருச்சிக்காரர். நான் திருநெல்வேலிப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவை வைத்துக்கொண்டு துபாயின் சத்வாப் பகுதியில் ஒரு ரிப்பேர் கடையில் டிவி, ஆம்ப்ளிஃபயர் என்று கைக்கு வந்ததையெல்லாம் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்த லெபனான்காரர்தான் பின்னால் என் முதலாளி ஆனார். அதைப் பழுது பார்த்துக் கொடுத்த மறுவாரமே என்னைக் கேட்டு வந்துவிட்டார். அவரிடம் முந்நூற்றுச் சொச்சம் பழைய இசைத்தட்டுகள் இருந்தன. அரக்கில் செய்தவை, கனமானவை, கை தவறினால் அப்பளமாக நொறுங்கக்கூடியவை. எல்லாம் பிரெஞ்சு ஓபராப் பாட்டுகள். அதிலும் பெண்கள் பாடியவை மட்டும், அதிலும் கனத்த, தாழ்ந்த குரல்காரிகள் பாடியவை மட்டும்.

எனக்கு ஓபரா என்றால் என்னவென்றே தெரியாது. முதலாளிதான் சொல்லிக் கொடுத்தார். பெண் குரலில் மேலே பறப்பவர்களுக்குக் காதலி வேஷம். நடுக்குரலுக்கு மெஸ்ஸோ என்று பெயர், அதற்கும் கீழே அடிவயிற்றிலிருந்து வரும் குரலுக்குக் கான்ட்ரால்டோ என்று பெயர். இந்த இரண்டு வகைக்கும் பிரெஞ்சு மேடை கொடுத்த வேஷங்களைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், குறி சொல்பவள், சூனியக்காரி, போட்டி மகாராணி, எவனுக்கும் அடங்காத ஊர்சுற்றிப் பெண், அரண்மனைச் சிறுவன். ஒரு பழைய கிரேக்கக் கதையின் நாயகனையே, மீசை வைக்காத குறையாக, ஒரு பெண்ணிடம் கொடுத்துப் பாட வைத்திருக்கிறார்கள். காதலி கடைசிக் காட்சியில் செத்துப்போவாள், கதையை நகர்த்துகிறவள் இந்தக் கனத்த குரல்காரிதான் என்பார் முதலாளி. அவருக்கு இந்தப் பெண்கள்மேல் உண்மையான பிரியம் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். பிரியம் இருப்பவர்களும் தப்புச் செய்வார்கள் என்பதுதான் இந்தக் கதை.

கிடங்கில் வேலை இப்படி நடக்கும். முதலில் தட்டைக் கழுவ வேண்டும். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும் என்பதால் வடிகட்டிய நீரும் ஒரு சொட்டுத் திரவ சோப்பும் மென்மையான பிரஷும்தான். கழுவிக் காயவைத்த தட்டு என்னிடம் வரும். நான் அதை மெஷினில் வைத்து, முள்ளை இறக்கி, கம்ப்யூட்டரில் பதிவு செய்வேன். பக்கத்து ஷெட்டில் மார்பிள் அறுப்பார்கள். அந்த ரம்பம் ஓயும் இடைவெளி பார்த்துத்தான் பதிவு. தட்டு சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு வட்ட அட்டை உண்டு. அதில் சுற்றிலும் கறுப்புக் கோடுகள் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால், நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று, வேகம் சரி. முதலாளிக்கு வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் இருந்தார். பழைய பாடகிகளைப் பற்றித் தடிமனான புத்தகம் எழுதியவர். எல்லாத் தட்டையும் எழுபத்தெட்டில் ஓட்டு, பாட்டுக்கு முன்னால் ஓர் ஆள் பேசுவான், அதை வெட்டிவிடு என்று அவர் எழுதி அனுப்பியிருந்தார். அந்தக் காலத்துத் தட்டுகளில் பாட்டு ஆரம்பிக்கும் முன் ஓர் ஆள் பாட்டின் பெயரையும் பாடுகிறவர் பெயரையும் உரக்கச் சொல்வது வழக்கம். நான் எட்டு மாதம் கோடுகளை நிறுத்தினேன், அந்த ஆளை வெட்டினேன். என் வேலையில் ஒருவனும் குறை சொல்ல முடியாது என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

தட்டு கழுவும் வேலைக்கு வந்தவர்தான் அக்கா. கணவர் அலுமினியக் கம்பெனியில் சூப்பர்வைசர், சத்வாவில் தையல் கடைகளுக்குப் பின்னால் வீடு. அவர் வந்த முதல் நாள் நான் மெஷினுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து “யாருங்க உள்ள?” என்று ஒரு குரல் கேட்டது. “வாங்க சார், உக்காருங்க, ரெண்டு நிமிசம்” என்று சொல்லிவிட்டுத் தலையை வெளியே எடுத்தால், மாம்பழக் கலர் சுடிதாரில் ஒரு பெண்மணி நிற்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல ஆயிற்று. அவர் கோபப்படவில்லை. “பரவால்ல தம்பி. கேஸ் கம்பெனிக்காரன் போன்ல பதினோரு வருஷமா சார்னுதான் கூப்புடுறான்” என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார், ஆனால் பதினோரு வருஷம் என்று எண்ணி வைத்திருந்தார் என்பதை நான் கவனித்தேன்.

அவருக்கு முறையாகச் சங்கீதம் தெரியும். பாட்டில் பட்டயம் வாங்கியவர். பெண்கள் வழக்கமாக ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுவார்கள், இவர் குரல் அதைவிடத் தாழ்ந்த மூன்று கட்டைக்குத்தான் இணங்கும். படிக்கும்போது ஐந்தில் பாடச்சொல்லி நெருக்கியதில் தொண்டை கட்டி மூன்று மாதம் பேச்சே வரவில்லையாம். அதன் பிறகு யார் சொன்னாலும் மூன்றைவிட்டு ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். வானொலித் தேர்வில் ‘பெண்மை குறைவு’ என்று ஒருவர் சொன்னாராம். ஷார்ஜாவில் நம்மவர்கள் நடத்திய பொங்கல் விழாவில் நடந்ததை மட்டும் அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். குழுவாகப் பாடும் பெண்கள் வரிசையில் இவரும் நின்றிருக்கிறார். மேடையேறுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அமைப்பாளர் வந்து, “மேடம், நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்” என்றிருக்கிறார். இவர் அப்படியே இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டுப்புடவையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன் தம்பி என்றார்.

அந்தத் தட்டுகளில் ஒரு பாடகியின்மேல் அக்காவுக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. உறையோடு ஒரு புகைப்படமும் இருந்தது. அகலமான தாடை, சிறுவன் வேஷத்துக்கான தொப்பி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நம்மை எடைபோடுகிற பார்வை. லேபிளில் இருந்த பெயரை எங்கள் இருவருக்கும் ஒழுங்காக உச்சரிக்க வராது. அக்கா அவருக்குப் ‘பிரெஞ்சம்மா’ என்று பெயர் வைத்தார். அவர் பாடிய தட்டுகள் மொத்தம் ஒன்பது. அவற்றைக் கழுவும்போது மட்டும் அக்காவின் பிரஷ் மெதுவாகப் போகும்.

எட்டாவது மாதம் ஒரு நாள், பிரெஞ்சம்மாவின் ஒரு தட்டை நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஈரக் கையோடு கண்ணாடித் தடுப்பைத் தாண்டி அக்கா வந்து நின்றார். முழுக்கக் கேட்டுவிட்டு, “தம்பி, இது இவங்க குரல் இல்ல” என்றார்.

“என்னக்கா சொல்லுதீங்க? லேபிள்ல அவங்க பேருதான இருக்கு.”

“பேரு இருக்கு. ஆனா மூச்சைக் கேளு. அந்த நெஞ்சுக்கு அது மூச்சா? பாதி எடுக்குறதுக்குள்ள முடிஞ்சிடுது. சத்தம் கீழேர்ந்து வருது, சுரம் மட்டும் ஒரு கட்டை மேல நிக்குது. யாரோ இவங்களை ஏத்திக் கட்டி வச்சிருக்காங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. விளக்கை இழுத்து அந்த வட்ட அட்டையின்மேல் காட்டினேன். “கோடு நிக்குதுல்லா? பாருங்க. நல்லா பாருங்க. மெஷின்ல தப்பு கிடையாது.”

அக்கா குனிந்து பார்த்தார். “கோடு நிக்குது தம்பி. ஆனா அந்தம்மா ஓடுறாங்களே.”

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. எட்டு மாத வேலை. அவர் சொல்வது சரி என்றால் முந்நூறு தட்டும் தப்பு, அத்தனையையும் செய்தவன் நான். ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. மறுநாள் காலையில் அவர் வந்ததும் வராததுமாகக் கேட்டார்: “நீ வெட்டுறியே, அந்த ஆளு. அவரை வெட்டாமப் போடு.” சண்டைக்காவது ஒரு முடிவு வரட்டும் என்று முள்ளைத் தட்டின் விளிம்பிலேயே இறக்கினேன். எட்டு மாதமாக நான் குப்பை என்று வெட்டி எறிந்த அந்த ஆள் பேசினார். பஸ்ஸைத் துரத்திக்கொண்டே பேசுகிறவனுடைய குரல்போல, கீச்சென்று, மூச்சுவிடாமல், கடகடவென்று கொட்டிவிட்டுப் போனார். அத்தனை பெரிய சபைக்கு அறிவிக்கிற ஆள் ஒருவரும் அப்படிப் பேச மாட்டார். அக்கா வேகப் பிடியில் விரலை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, என்னைத் திரும்பத் திரும்ப முள்ளை வைக்கச் சொன்னார். எழுபத்தைந்தில் அந்த ஆள் இளைஞன் ஆனார். எழுபத்திரண்டில் நடுவயதுக்கு வந்தார். எழுபதுக்கு ஒரு மயிரிழை கீழே வந்தபோது, தொப்பையும் கழுத்துப் பட்டியுமாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக ஒரு மனிதர் பேசினார். அதற்கப்புறம் பாட்டு ஆரம்பித்தது.

அந்த நிமிடத்தை எழுத எனக்குத் தெம்பு போதாது. எட்டு மாதம் நான் கேட்டிருந்த மினுமினுப்பான, கொஞ்சம் பதற்றமான குரல் போய்விட்டது. அந்த இடத்தில் கனத்த, அகலமான, யாருக்கும் அவசரப்படாத ஒரு பெண் குரல் வந்து உட்கார்ந்தது. கீழ்ச் சுரங்களில் அது இறங்கும்போது மேஜைமேல் வைத்திருந்த என் டீ டம்ளர் லேசாக அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. அக்கா அழவில்லை. அவருடைய தாடை இறுகியிருந்தது. “பாத்தியா, நூறு வருஷத்துக்கு மேல இந்தம்மாவ வேற யார் குரல்லயோ பாட வச்சிருக்கானுங்க” என்றார்.

ஆலோசகரின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினோம். பிரெஞ்சம்மாவுக்கு அதில் அரைப்பக்கம் இருந்தது. அதன் சாரம், மேடையில் கான்ட்ரால்டோ என்று அழைக்கப்பட்டாலும் தட்டுகளைக் கேட்டால் சாதாரண மெஸ்ஸோதான், கீழ்ச் சுரங்களில் வலு இல்லை என்பது. அவர் கேட்டதெல்லாம் எழுபத்தெட்டில் ஓடியதுதான். பிரெஞ்சம்மாவின் குரலை ஒரு கட்டை ஏற்றிவிட்டு, கீழே ஒன்றும் இல்லை என்று அவருக்குச் சான்றிதழும் எழுதிவிட்டார்கள். செத்துப்போனவர் வந்து வழக்குப் போட முடியாது. அக்கா அந்த வரியை என்னிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

முதலாளி ஒரு கேட்பு அறை கட்டிக்கொண்டிருந்தார். கிடங்கின் முன்பகுதியில் நாற்காலி, திரை, விளக்கு எல்லாம் வைத்து, விருந்தினர்களைக் கூப்பிட்டு, பிரெஞ்சம்மாவின் தட்டை நேரடியாக மெஷினில் ஓட்டித் திறப்பதாகத் திட்டம். அதற்காக ஆலோசகரே வந்திறங்கியிருந்தார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். எனக்கு லீவு கையெழுத்தாகாமல் இருந்தது, விசா முதலாளி கையில். “நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்” என்றார் அக்கா. சொன்னார்.

ஆலோசகர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அச்சிட்ட இசைப் புத்தகத்தை விரித்து, இந்தப் பாட்டு எந்தச் சுருதியில் எழுதப்பட்டதோ, எழுபத்தெட்டில் ஓட்டினால் துல்லியமாக அந்தச் சுருதியில்தான் நிற்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், நானே சரிபார்த்தேன். அக்கா அசரவில்லை. அவருடைய ஆங்கிலம் சத்வாவில் மீன்காரனோடு பேசிப் பழகிய ஆங்கிலம், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். “பாட்டை எழுதினவர் ஒரு சுருதியில எழுதுவார். பாடுறவங்க தன் சுருதிக்கு இறக்கிக்குவாங்க. நான் அப்படித்தான் பாடுறேன். இவங்களும் அப்படிப் பாடியிருப்பாங்க. பாட்டை இறக்கலாம். ஆனா முன்னாடி பேசுற ஆளு எதுக்கு ஏறணும்?” என்று கேட்டார்.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மரியாதையாகவே, “மேடம், நீங்கள் எப்போதாவது ஓபரா பார்த்திருக்கிறீர்களா?” என்றார்.

“இல்ல. ஆனா மனுஷன் பேசிக் கேட்டிருக்கேன்” என்றார் அக்கா.

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு இரண்டு விதமாகவும் போடச் சொல்லிக் கேட்டார். மெதுவாக ஓடியதைக் கேட்டபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் அழைப்பிதழ் போய்விட்டது, ஆலோசகரின் பெயர் அதில் இருந்தது. “இது ரொம்பக் கனம். வருகிறவர்கள் ஆண் பாடுகிறான் என்று நினைப்பார்கள், சிரிப்பார்கள். எழுபத்தெட்டுதான். கலாஸ், பேச்சு முடிந்தது” என்றார். அவர் எழுந்து போன பிறகும் அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். ஆண் என்று நினைப்பார்கள், சிரிப்பார்கள். அந்த இரண்டு வார்த்தைகளும் பிரெஞ்சம்மாவைப் பற்றிச் சொன்னவைதான், ஆனால் எனக்குப் பட்டுப்புடவையோடு பஸ்ஸில் நின்ற ஒருவர்தான் நினைவுக்கு வந்தார்.

அடுத்த நாள்தான் அக்கா தன் கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துக் கிழித்து, மெஷினில் ஒட்டி, அந்த ஆளை இரண்டு தடவை பேசவைத்துக் கேட்டு, கோட்டைப் போட்டு ‘இங்கே’ என்று எழுதினார். “உன் இஷ்டம் தம்பி. உனக்குக் குடும்பம் இருக்கு, நான் எதுவும் சொல்ல மாட்டேன். இடம் எதுன்னு தெரியலைன்னு மட்டும் நீ நாளைக்குச் சொல்லக்கூடாது” என்றார்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை மாலை. ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். அத்தர் வாசனையும் ஏலக்காய்க் காப்பி வாசனையுமாகக் கிடங்கே அடையாளம் தெரியாமல் இருந்தது. பக்கத்து ஷெட்டு பாய்களிடம் கெஞ்சி மார்பிள் ரம்பத்தை நிறுத்தியிருந்தோம். ஆலோசகர் பேசினார். விளக்கைக் குறைத்தார்கள். எனக்குப் புதுச் சட்டை போட்டு மெஷின் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பிடி எழுபத்தெட்டில் இருந்தது. பிளாஸ்திரி என் கட்டைவிரலுக்கு நேரே இருந்தது. நான் எழுபத்தெட்டிலேயே முள்ளை வைத்தேன். பேசும் ஆளைத் தாண்டி, பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில், சொன்னபடியே வைத்தேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் தேட எனக்கு விருப்பமில்லை.

மினுமினுப்பான அந்தக் குரல் அறையில் பரவியது. தலைகள் மரியாதையாக ஆடின. முதல் சரணம் முடியும் நேரம், பின்வரிசைக்கும் பின்னால், தட்டு கழுவும் அறையின் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார். கழுவும்போது கட்டிக்கொள்ளும் ரப்பர் ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. வேகமாக நடக்கவில்லை, குனிந்தும் நடக்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே விட்டிருந்த வழியில், முதலாளியைத் தாண்டி, ஆலோசகரைத் தாண்டி, நேராக மெஷினுக்கு வந்தார். என்னைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளு தம்பி” என்றார். தள்ளினேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

பிடியில் விரலை வைத்து மெதுவாகக் கோட்டுக்கு இறக்கினார். பாட்டு நிற்கவில்லை. அத்தனை பேர் காதுக்கு முன்னால் அந்தக் குரல் இறங்கியது. பதற்றம் போயிற்று. மூச்சு நீண்டது. மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த ஒருவரைக் கைத்தாங்கலாகத் தரையில் இறக்கிவிட்டதுபோல இருந்தது. இரண்டாம் சரணம் முழுவதும் பிரெஞ்சம்மா தன் சொந்தச் சுருதியில் பாடினார். பாட்டு முடியும் இடத்தில் ஒரு நீண்ட கீழ்ச் சுரம் உண்டு, புத்தகம் வலு இல்லை என்று எழுதிய இடம். அது வந்தபோது முன்வரிசையில் யாரோ காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. தட்டு ஓடி முடியும்வரை அக்கா விரலை எடுக்கவில்லை, யாராவது வந்து ஏற்றிவிடுவார்களோ என்பதுபோல. பிறகு முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போனார். கைதட்டல் அவர் கதவைச் சாத்திய பிறகுதான் ஆரம்பித்தது.

மறுநாள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசா கணவருடையது என்பதால் ஊரைவிட்டுப் போகும் நிலை வரவில்லை. பேச்சு வாங்க மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள், வாங்கிக்கொண்டேன். அன்று மாலை சத்வாவில் அவர் வீட்டுக்குப் போனபோது அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அதெல்லாம் விடு. அந்தக் கீழ்ச் சுரம் கேட்டுச்சா எல்லாருக்கும்? பின்னாடி வரைக்கும் கேட்டுச்சா?” என்றார். கேட்டது என்றேன். அவர் முகத்தில் நான் அப்போது பார்த்த சிரிப்பு, கேஸ் கம்பெனிக்காரனைப் பற்றிச் சொன்னபோது சிரித்த சிரிப்பு இல்லை.

அதன் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. முந்நூற்றுச் சொச்சம் தட்டையும் முதலிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த ஆளைப் பேசவைத்துக் கேட்டு, அவர் மனிதராகப் பேசும் இடத்தில் வேகத்தை நிறுத்திப் பதிவு செய்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே வேகத்தில் பதிவு செய்யவில்லை, தட்டுக்குத் தட்டு வேகம் வேறு. சில எழுபத்து நான்கு, சில எழுபத்தொன்று, சில உண்மையிலேயே எழுபத்தெட்டு. ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. வெட்டிய ஆட்களை எல்லாம் திரும்ப அவரவர் பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். கேட்பு அறைப் பட்டியலில் இன்றும் பழைய பதிவுதான் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சம்மாவின் தட்டை நேரில் ஓட்டச் சொல்லி யார் கேட்டாலும் பிளாஸ்திரிக் கோட்டில்தான் ஓடும். முதலாளி ஒருநாள் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார். கதவருகே நின்று கடைசிவரை கேட்டார். பிறகு டீ கேட்டார். கொடுத்தேன். ஆலோசகரின் புத்தகத்தில் அந்த அரைப்பக்கம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் மூன்று தடவை எழுதினேன், அக்காவின் கேள்வியையும் சேர்த்து. பதில் வரவில்லை. நான்காவது தடவையும் எழுதுவேன்.

அக்கா இப்போது திருச்சியில் இருக்கிறார். கணவருக்கு வேலை முடிந்து திரும்பிவிட்டார்கள். வாரம் ஒருமுறை, வீட்டு மொட்டைமாடியில், மூன்று கட்டையில், வந்து கேட்கிறவர்களுக்குப் பாடுகிறாராம். போன மாதம் எங்கள் பழைய மெஷின் உயிரைவிட்டது. புது மெஷின் வந்தது. பிளேடை வைத்துப் பழைய பிளாஸ்திரியை அலுங்காமல் உரித்தேன். புதியதில் ஒட்டப் போகும்போதுதான் உறைத்தது, அந்தக் கோடு அந்த மெஷினுக்கான கோடு. இங்கே ஒட்டினால் அது பொய் சொல்லும். வேறு வழி தெரியாமல் அக்காவுக்குப் போன் போட்டு, “கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கக்கா, எங்க நிறுத்தணும்னு” என்றேன்.

“என்னை எதுக்குக் கேக்குறே? அந்த ஆளைப் பேச வை. உனக்குக் காது இல்லையா?” என்று வைத்துவிட்டார்.

பிரெஞ்சம்மாவின் தட்டைப் போட்டு அந்த ஆளைப் பேச வைத்தேன். பஸ்ஸைத் துரத்துகிறவரை நடக்கவைத்து, நடப்பவரை நிற்கவைத்து, தொப்பையோடும் கழுத்துப் பட்டியோடும் அவர் தொண்டையைச் செருமிய இடத்தில் பிடியை நிறுத்தினேன். டேரா மருந்துக்கடையில் வாங்கிய புதுப் பிளாஸ்திரியை ஒட்டி, கோடு போட்டு, என் கோழிக் கிறுக்கலில் ‘இங்கே’ என்று எழுதினேன். பழைய துண்டு பிரெஞ்சம்மாவின் தட்டுறைக்குள், அவர் புகைப்படத்தோடு இருக்கிறது. மறுநாள் மெஷின் கம்பெனியிலிருந்து ஓர் இளம் அதிகாரி சரிபார்க்க வந்தார். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கோடுகள் ஓடுகின்றன, வேகம் தப்பு, எழுபத்தெட்டில் வையுங்கள் என்றார். கை பிடியை நோக்கிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்து, “உங்களுக்கு ஓபரா தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது. மனுஷன் பேசிக் கேட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, முள்ளைத் தட்டின் விளிம்பில் வைத்தேன்.